ஆயத்தக் கேபிளும் மின்கம்பி வரைபடமும்: விழுப்புரம் இருப்புப்பாதை முதல் கணினித் திரை வரை

ஆயத்தக் கேபிள் என்பது, தேவையான நீளத்தில் வெட்டி, முனைகளில் இணைப்பான் பொருத்தி, சோதித்து, எடுத்து மாட்ட வேண்டியது மட்டுமே மிச்சம் என்ற நிலையில் தொழிற்சாலையிலிருந்து வரும் கேபிள் ஆகும். கடைவீதியில் இதை ரெடிமேட் கேபிள் என்பர். கணினியின் மின்வடம், கைபேசியின் யு.எஸ்.பி. வடம், இணையப் பெட்டிக்குச் செல்லும் ஆர்ஜே-45 வடம், இருசக்கர வாகன மெக்கானிக் ‘வயரிங் கிட்’ என்று கேட்டு வாங்கும் கம்பித் தொகுப்பு ஆகிய அனைத்தும் இவ்வகையைச் சேர்ந்தவை.

கையில் எடுத்தால் இது ஒரே பொருள். வரைபடத்தில் வரைந்தால் நான்கு, எட்டு, இருபது கோடுகளாகப் பிரிந்து விடுகிறது. இந்த முரண்பாட்டை எப்படித் தீர்ப்பது என்பதே மின்கம்பி வடிவமைப்பு மென்பொருள்களின் வரலாற்றில் நீண்ட காலம் தொடர்ந்த கேள்வி. அந்த வரலாற்றை, விழுப்புரம், திண்டிவனம் பகுதி மக்கள் அன்றாடம் காணும் ஓர் எடுத்துக்காட்டிலிருந்து இக்கட்டுரை தொடங்குகிறது.

இருப்புப்பாதையில் ஆயத்தக் கேபிள்

விழுப்புரம் சந்திப்பில் சென்னை, திருச்சிராப்பள்ளி, மயிலாடுதுறை, புதுச்சேரி, காட்பாடி என ஐந்து திசைப் பாதைகள் கூடுகின்றன. சென்னைப் பாதையில் ஏறத்தாழ 37 கி.மீ. தொலைவில் திண்டிவனம் உள்ளது. இந்தப் பாதைக்கு மின்பொறியியல் வரலாற்றில் தனி இடம் உண்டு. சென்னை கடற்கரை முதல் தாம்பரம் வரையிலான மீட்டர் பாதையில் 1931இல் 1,500 வோல்ட் நேர்மின்னோட்டத்தில் மின்தொடர் வண்டிகள் ஓடத் தொடங்கின. 1960களில் மின்மயமாக்கல் தாம்பரத்தைத் தாண்டி, செங்கல்பட்டு, திண்டிவனம் வழியாக விழுப்புரம் வரை 25 கிலோவோல்ட் மாறுமின்னோட்டத்தில் நீட்டிக்கப்பட்டது. பழைய பகுதியும் அதே முறைக்கு மாற்றப்பட்டது. இந்தியாவில் மீட்டர் பாதையில் 25 கிலோவோல்ட் மாறுமின்னோட்டம் பயன்பட்டது இங்கு மட்டுமே. ஜப்பானிலிருந்து வந்த ‘யாம்-1’ மின் எஞ்சின்கள் விழுப்புரம் வரை வண்டிகளை இழுத்து வந்தன. அங்கே மின்பாதை முடிந்ததால் நீராவி எஞ்சினோ டீசல் எஞ்சினோ மாற்றப்பட்டு வண்டி தெற்கே சென்றது.

தொடர்வண்டியின் ஒவ்வொரு பெட்டியும் தனித்தனியாகச் செய்யப்பட்டு, ஓடும்போது ஒன்றாக இணைக்கப்படுவது. பெட்டிக்குள் இருக்கும் கம்பிகள் நிலையானவை. இரண்டு பெட்டிகளுக்கு நடுவே தொங்கும் தடித்த கறுப்பு வடங்களோ கழற்றி மாட்டக் கூடியவை. இருமுனையிலும் பிளக் பொருத்திய இவ்வடங்களை இருப்புப்பாதைப் பணியாளர் ‘ஜம்பர்’ என்றும் ‘கப்ளர்’ என்றும் அழைப்பர். இன்று விழுப்புரம் நடைமேடையில் எல்.எச்.பி. வகை விரைவு வண்டி நிற்கும்போது இதை எவரும் பார்க்கலாம். விளக்கு, மின்விசிறி, குளிரூட்டி அனைத்துக்குமான 750 வோல்ட் மும்முனை மின்சாரம் இந்த வடங்கள் வழியாகத்தான் பெட்டி விட்டுப் பெட்டி செல்கிறது.

இந்த ஏற்பாட்டின் வேர் 1897ஆம் ஆண்டில் உள்ளது. அமெரிக்கப் பொறியாளர் ஃபிராங்க் ஸ்பிரேக், சிகாகோ நகரில் பல பெட்டிகளின் மோட்டார்களை ஒரே ஓட்டுநர் கட்டுப்படுத்தும் முறையைச் செயல்படுத்திக் காட்டினார். அதற்குப் பெட்டிதோறும் கட்டுப்பாட்டுக் கம்பிகள் தொடர்ந்து செல்ல வேண்டும். இங்கேதான் வரைபடச் சிக்கல் எழுகிறது. ஒரு பெட்டியை முன்பின்னாகத் திருப்பி மாட்டினால் அதன் ‘முன்னோக்கு’ என்பது வண்டிக்குப் ‘பின்னோக்கு’ ஆகிவிடும். எனவே அவ்விரு கட்டளைக் கம்பிகளும் ஏதோ ஓரிடத்தில் ஒன்றையொன்று குறுக்கிட்டு இடம் மாற வேண்டும். அந்த மாற்றம் பெட்டிக்குள் நடக்கிறதா, இடையில் மாட்டும் வடத்துக்குள் நடக்கிறதா? வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. வரைபடம் மட்டுமே சொல்ல முடியும். வடத்தை ஒரு தனிப்பொருளாகக் காட்டாத வரைபடம் அதைச் சொல்லத் தவறிவிடும்.

காகித வரைபடங்களின் காலம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தந்திக் கம்பிகளுக்குப் பெரிய வரைபடம் தேவைப்படவில்லை. ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஒரு கம்பி, திரும்பி வரும் வழி பூமி. தொலைபேசி நிலையங்களும் மின்நிலையங்களும் வந்தபின் நிலைமை மாறியது. ஜான் ஹெர்ஷல் 1842இல் கண்டறிந்த நீல அச்சுப்படி முறை, ஒரே வரைபடத்தைப் பல படிகள் எடுத்துப் பணியிடங்களுக்கு அனுப்ப உதவியது. ‘புளூபிரிண்ட்’ என்ற சொல் இன்றும் வழக்கில் இருப்பது அதனால்தான்.

காகிதக் காலத்தில் மூன்று வகை வரைபடங்கள் நிலைபெற்றன. முதலாவது சுற்றுப்படம். மின்சாரம் எந்த வழியில் சென்று என்ன செய்கிறது என்பதை விளக்குவது. இரண்டாவது கம்பியிணைப்புப் படம். எந்த முனையத்திலிருந்து எந்த முனையத்துக்குக் கம்பி போகிறது என்பதைக் காட்டுவது. மூன்றாவது அமைவிடப் படம். கருவி சுவரில் எங்கே, கேபிள் எந்தப் பள்ளத்தில் என்பதைக் காட்டுவது.

ஆயத்தக் கேபிள் இந்த மூன்றிலும் வெவ்வேறு உருவம் எடுத்தது. சுற்றுப்படத்தில் அது மறைந்து போனது, ஏனெனில் மின்சாரத்துக்கு உறை ஒரு பொருட்டல்ல. கம்பியிணைப்புப் படத்தில் பல கோடுகளாகச் சிதறியது. அமைவிடப் படத்தில் ஒரே தடித்த கோடாக ஒடுங்கியது. மூன்றும் ஒரே பொருளைத்தான் குறிக்கின்றன என்பது வரைந்தவரின் நினைவில் மட்டும் இருந்தது. அதை எழுத்தில் பதிய வரைவாளர்கள் ‘கேபிள் பட்டியல்’ என்ற தனித் தாளைச் சேர்த்தனர். கேபிளின் பெயர், புறப்படும் இடம், சேரும் இடம், உள்கம்பிகளின் எண்ணிக்கை, நீளம் என்று அதில் கட்டம் கட்டமாக எழுதினர். வரைபடத்தில் ஒரு கோட்டை மாற்றியவர் பட்டியலையும் திருத்த மறந்தால், இரண்டும் வெவ்வேறு கதை சொல்லும்.

நிறமும் எண்ணும்

ஒரே குறியை எல்லா நாட்டாரும் ஒரே பொருளில் படிக்க வேண்டும் என்ற எண்ணத்தில் பன்னாட்டு மின்தொழில்நுட்ப ஆணையம் 1906இல் தொடங்கப்பட்டது. இந்தியாவில் 1947இல் அமைந்த இந்தியத் தர நிறுவனம் 1987இல் இந்தியத் தரநிலைகள் பணியகமாக மாறியது. வயரிங் நடைமுறைக்கு ஐ.எஸ். 732, பி.வி.சி. உறையிட்ட கம்பிகளுக்கு ஐ.எஸ். 694, வரைபடக் குறிகளுக்கு ஐ.எஸ். 2032 எனத் தரங்கள் வெளிவந்தன. பன்னாட்டுக் குறியீட்டு முறையில் கேபிளுக்கு ‘டபிள்யூ’ என்ற எழுத்தும், இணைப்பானுக்கும் முனையத்துக்கும் ‘எக்ஸ்’ என்ற எழுத்தும் ஒதுக்கப்பட்டன. கேபிளுக்குத் தனிப் பெயரெழுத்து கிடைத்தது சிறிய செய்தியாகத் தோன்றலாம். ஆனால் பெயர் பெற்ற பிறகுதான் ஒரு பொருள் பட்டியலில் இடம் பெற முடியும்.

நிறங்களில் ஒற்றுமை அவ்வளவு எளிதாக வரவில்லை. தமிழ்நாட்டு மின்கம்பியாளருக்கு மும்முனை என்றால் சிவப்பு, மஞ்சள், நீலம், நியூட்ரல் கறுப்பு, எர்த் பச்சை. ஐரோப்பிய முறையில் பழுப்பு, கறுப்பு, சாம்பல் ஆகியவை மும்முனைகள், நீலம் நியூட்ரல், பச்சையும் மஞ்சளும் கலந்தது எர்த். அதாவது ஒரு முறையில் மின்னோட்டமுள்ள முனையாகிய நீலம் மற்றதில் நியூட்ரல். ஒரு முறையில் நியூட்ரலாகிய கறுப்பு மற்றதில் மின்னோட்டமுள்ள முனை. வெளிநாட்டு இயந்திரத்துடன் வரும் ஆயத்தக் கேபிளை உள்ளூர் மின்பெட்டியில் இணைப்பவர் நிறத்தை மட்டும் நம்பினால் உயிருக்கே ஆபத்து நேரலாம்.

கட்டுப்பாட்டுக் கேபிள்களிலும் இதே குழப்பம் உண்டு. ஜெர்மனியின் டின் 47100 என்ற நிறவரிசையில் முதல் கம்பி வெள்ளை, இரண்டாவது பழுப்பு. இத்தரம் 1998இல் விலக்கிக் கொள்ளப்பட்டும் சந்தையில் இன்றும் புழங்குகிறது. ஆனால் ஆலைகளில் உணரிகளுக்குப் பயன்படும் நான்கு பின் கொண்ட எம்12 ஆயத்தக் கேபிளில் முதல் பின் பழுப்பு, இரண்டாவது வெள்ளை. ‘1’, ‘2’ என்று மட்டும் எழுதிய வரைபடத்தை இரண்டு பேர் இரண்டு விதமாகப் படிக்க இது போதும்.

மற்றோர் எடுத்துக்காட்டு கணினி வலையமைப்பு வடம். இதன் எட்டுக் கம்பிகளை டி568-ஏ, டி568-பி என்ற இரு வரிசைகளில் முடிக்கலாம். இரு முனைகளிலும் ஒரே வரிசை இருந்தால் அது நேர்வடம். ஒரு முனையில் ‘ஏ’, மறுமுனையில் ‘பி’ இருந்தால் அது குறுக்குவடம். உறை, நீளம், பிளக் எல்லாம் ஒன்றே. பழைய கருவிகளில் ஒன்றின் இடத்தில் மற்றதை மாட்டினால் தொடர்பு கிடைக்காது. ஆகவே ‘எட்டுக் கம்பி வடம் ஒன்று’ என்று வரைவது போதாது. உள்ளே எந்தப் பின் எந்தப் பின்னுடன் சேர்கிறது என்ற அட்டவணையும் அந்தப் பொருளின் ஒரு பகுதியே.

கணினி வரைகலையின் வருகை

ஐவன் சதர்லேண்டு 1963இல் ‘ஸ்கெட்ச்பேட்’ என்ற நிரலின் மூலம் கணினித் திரையில் நேரடியாக வரைய முடியும் என்று காட்டினார். தனிநபர் கணினிகளில் அதைப் பரவலாக்கியது 1982இல் வெளிவந்த ஆட்டோகேட். பலகையில் பேனாவால் வரைந்தவர்கள் திரையில் வரையத் தொடங்கினர். திருத்துவது எளிதானது; படி எடுப்பது எளிதானது. ஆனால் அடிப்படை மாறவில்லை. திரையில் உள்ள கோடும் வெறும் கோடுதான். அது கம்பியா, சுவரா, மேசை விளிம்பா என்பது கணினிக்குத் தெரியாது.

அடுத்த படி, கோட்டுக்குப் பின்னால் ஒரு தரவுத்தளத்தை வைப்பது. ஜெர்மனியில் 1984இல் தொடங்கப்பட்ட இ-பிளான் நிறுவனம் மின்வரைபடத்துக்கென்றே மென்பொருள் செய்தது. 2000களின் தொடக்கத்தில் ஆட்டோகேட் எலெக்ட்ரிக்கல் வந்தது. இவற்றில் ஒரு கோடு இரண்டு முனையங்களைத் தொட்டால் மென்பொருள் அதைக் கம்பி என்று அறிந்துகொள்கிறது, எண் கொடுக்கிறது, பட்டியலில் சேர்க்கிறது. வரைபடமும் பட்டியலும் முரண்படும் பழைய தொல்லை பெருமளவு நீங்கியது.

ஆனால் ஆயத்தக் கேபிள் இங்கும் இடறியது. நான்கு உள்கம்பிகளும் 5 மீட்டர் நீளமும் கொண்ட ஓர் உணரிக் கேபிளை எடுத்துக்கொள்வோம். மென்பொருள் இதை நான்கு தனிக் கம்பிகளாகக் கருதினால், கொள்முதல் பட்டியலில் 20 மீட்டர் கம்பியும் இரண்டு இணைப்பான்களும் வரும். உண்மையில் வாங்க வேண்டியது ஒரே ஒரு பொருள். பட்டியலை நம்பிக் கம்பியை வெட்டி, இணைப்பானைப் பற்றவைத்து முடித்த பிறகுதான், அது கடையில் முழுதாகவே கிடைக்கும் என்பது தெரியவரும்.

ஏர்பஸ் ஏ380 கற்பித்த பாடம்

கேபிளை மென்பொருளில் குறிப்பது எழுத்தர் வேலை அல்ல என்பதை உலகுக்கு உணர்த்திய நிகழ்வு 2006இல் நடந்தது. ஏர்பஸ் ஏ380 விமானத்தின் பகுதிகள் ஐரோப்பாவின் பல நாடுகளில் செய்யப்பட்டு, பிரான்சின் துலூஸ் நகரில் ஒன்றுசேர்க்கப்பட்டன. ஒரு விமானத்தில் ஏறத்தாழ 530 கி.மீ. நீளக் கம்பிகள் இருந்தன. இவை தனித்தனிக் கம்பிகளாக அல்லாமல், முன்கூட்டியே கட்டிய ஆயத்தத் தொகுப்புகளாகப் பொருத்தப்பட வேண்டியவை.

ஜெர்மனி, ஸ்பெயின் அணிகள் கேட்டியா மென்பொருளின் நான்காம் பதிப்பையும், பிரான்ஸ், பிரிட்டன் அணிகள் ஐந்தாம் பதிப்பையும் பயன்படுத்தின. ஒன்றில் செய்த மாற்றம் மற்றதில் சரியாகப் பிரதிபலிக்கவில்லை. ஹம்பர்க் நகரிலிருந்து வந்த தொகுப்புகள் துலூசில் பொருந்தவில்லை. சில கம்பிகளின் நீளம் போதவில்லை. விமானத்தை ஒப்படைப்பது ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் தள்ளிப்போயிற்று. பல நூறு கோடி யூரோ இழப்பு ஏற்பட்டது. 2006 ஜூலையில் ஏர்பஸ் தலைவரும் அதன் தாய் நிறுவனத்தின் இணைத் தலைவரும் பதவி விலகினர். முதல் விமானம் 2007 அக்டோபரில்தான் சிங்கப்பூர் ஏர்லைன்சிடம் ஒப்படைக்கப்பட்டது.

களத்தில் வெட்டி இணைக்கும் கம்பி சற்றுக் குறைந்தால் வேறொன்று வெட்டிக்கொள்ளலாம். ஆயத்தக் கேபிளில் அந்தச் சலுகை இல்லை. அதன் நீளம், வளைவு, பின் வரிசை அனைத்தும் தொழிற்சாலையிலேயே முடிவாகிவிடுகின்றன. எனவே வரைபடத்தில் ஏற்படும் பிழை அப்படியே பொருளாகி வந்து நிற்கிறது.

இன்று குறிக்கும் முறைகள்

தற்போதைய மென்பொருள்களில் ஆயத்தக் கேபிளைக் குறிக்க நான்கு வழிகள் காணப்படுகின்றன.

முதல் வழி, வெறும் கோடுகளாக வரைந்து அருகில் குறிப்பு எழுதுவது. விரைவானது. ஆனால் அந்தக் குறிப்பைக் கணினி வாசிக்காது.

இரண்டாவது வழி, கோடுகளுக்குக் குறுக்கே கேபிள் வரையறைக் கோடு ஒன்றை இழுப்பது. அதைத் தொடும் கம்பிகள் அனைத்தும் ‘டபிள்யூ-1’ என்ற கேபிளின் உள்கம்பிகள் என்று மென்பொருள் புரிந்துகொள்ளும். கண்ட்ரோல் பேனல் முனையங்களில் நேரடியாகத் திருகி இணைக்கும் கேபிளுக்கு இது நன்கு பொருந்தும். முனைகளில் பிளக் உள்ள கேபிளுக்கு, அந்தப் பிளக்குகளையும் தனியே பெயரிட்டுக் கேபிளுடன் பிணைக்க வேண்டியிருக்கும்.

மூன்றாவது வழி, கேபிளையே ஒரு மின்னுறுப்பாகக் கருதுவது. மோட்டாருக்கோ ரிலேவுக்கோ குறி இருப்பதுபோல, இரு முனைகளிலும் பின்கள் கொண்ட ஒரு குறியைக் கேபிளுக்கும் உருவாக்கி நூலகத்தில் சேமித்துக் கொள்ளலாம். நீளம், தயாரிப்பு எண், உள்ளே பின்கள் இணையும் வரிசை எல்லாம் அக்குறிக்குள் அடங்கும். வரைபடத்தில் வைத்தவுடன் பட்டியலில் ஒரே ஒரு பொருளாக இடம்பெறும். ஆயத்தக் கேபிளின் இயல்புக்கு மிக நெருக்கமானது இதுவே. கேபிளின் ஒரு முனை ஒரு தாளிலும் மறுமுனை வேறு தாளிலும் வரும்போது, இரண்டையும் குறுக்குச் சுட்டால் இணைப்பது மட்டும் கூடுதல் வேலை.

நான்காவது வழி, வரைவதையே விட்டுவிட்டு எழுதுவது. எத்தனை உள்கம்பிகள், என்ன நிறவரிசை, எவ்வளவு நீளம், எந்தப் பின் எந்தப் பின்னுக்கு என்பதை உரைக்கோப்பில் எழுதினால் நிரலே படத்தையும் பொருள் பட்டியலையும் உருவாக்கித் தரும்.

கட்டற்ற மென்பொருள்கள்

மேற்கண்ட பெரிய வணிக மென்பொருள்களின் உரிமக் கட்டணம் சிறு பட்டறைகளுக்கும் மாணவர்களுக்கும் எட்டாதது. இந்த இடைவெளியைக் கட்டற்ற மென்பொருள்கள் நிரப்புகின்றன. பிரான்சில் தொடங்கப்பட்ட கியூஎலெக்ட்ரோடெக், சுற்றுப்படமும் கட்டுப்பாட்டுப் படமும் வரைய உதவுகிறது. அதில் கம்பியின் நிறம், குறுக்குப் பரப்பு, செயற்பாடு ஆகியவற்றைப் பதியலாம். உறுப்புத் தொகுப்பி என்ற வசதியைக் கொண்டு, மேலே சொன்ன மூன்றாவது வழியில் ஆயத்தக் கேபிளுக்கான குறியை மாணவரே உருவாக்கிக் கொள்ளலாம். 2020இல் வெளிவந்த வயர்விஸ் நான்காவது வழியைச் சேர்ந்தது. டின் 47100 ஒத்த வரிசை, தொலைபேசி வரிசை, டி568-ஏ, டி568-பி போன்ற நிறவரிசைகளின் பெயரைக் குறிப்பிட்டாலே அது உரிய நிறங்களை இட்டுக்கொள்கிறது.

விழுப்புரத்துக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு உண்டு. விழுப்புரம் குனு/லினக்ஸ் பயனர் குழு, கிராமப்புற மாணவர்களுக்குக் கட்டற்ற மென்பொருள் பயிற்சி அளித்து வருகிறது. விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புப் பொறியியல் கல்லூரிகள் உள்ளன. உரிமக் கட்டணம் இல்லாத கருவியும், கற்பிக்க ஆளும், கற்க மாணவரும் ஒரே மாவட்டத்தில் இருக்கும்போது, மின்கம்பி வரைபடம் பெருநகர நிறுவனங்களுக்கு மட்டும் உரியதாக இருக்கத் தேவையில்லை.

விழுப்புரம் மாவட்டத்தில் இதன் தேவை

2024 நவம்பர் இறுதியில் புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயலின்போது, திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் இடையிலுள்ள மயிலத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 50 செ.மீ. மழை பெய்தது. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் நடுவே உள்ள பாலத்தில் வெள்ளம் அபாய அளவைத் தாண்டியதால் அப்பாதையில் வண்டிகள் நிறுத்தப்பட்டன. வீடுகளிலும் வயல்களிலும் நீர் புகுந்தது.

இத்தகைய வெள்ளம் வடிந்த பிறகு அரிசி ஆலையிலோ, பம்பு செட்டு கொட்டகையிலோ, குளிர்பதனக் கிடங்கிலோ நனைந்த கண்ட்ரோல் பேனலைத் திறக்கும் மின்கம்பியாளரின் நிலையை எண்ணிப் பார்க்கலாம். அதை முதலில் பொருத்தியவர் அங்கே இருக்க மாட்டார். நிறங்கள் சேற்றில் மங்கியிருக்கும். வரைபடத்தில் ‘டபிள்யூ-7, நான்கு உள்கம்பி, 5 மீட்டர், இருமுனையிலும் எம்12 பிளக்’ என்று இருந்தால், அதே பொருளை வரவழைத்து மாட்டிவிடலாம். வெறும் நான்கு கோடுகள் மட்டும் இருந்தால், ஒவ்வொரு கம்பியாக மல்டிமீட்டர் வைத்துத் தேட வேண்டும். ஒரு நாள் வேலை ஒரு வார வேலையாகும். அவசரத்தில் நீலத்தை நியூட்ரல் என்று கொண்டுவிட்டால் விளைவு அதைவிடக் கொடியது.

முடிவுரை

தந்திக் காலத்து ஒற்றைக் கோட்டில் தொடங்கி, கேபிள் பட்டியல், நிறவரிசை, தரவுத்தளம், உரைக்கோப்பு என்று மின்கம்பி வரைபடம் வளர்ந்துள்ளது. இந்த வளர்ச்சி முழுவதிலும் ஓர் உண்மை மீண்டும் மீண்டும் உணரப்பட்டது. மின்சாரத்தின் பார்வையில் கேபிள் என்பது பல வழிகள்; வாங்குபவர், பொருத்துபவர், பழுது பார்ப்பவர் ஆகியோரின் பார்வையில் அது ஒரு பொருள். நல்ல வரைபடம் இரண்டு பார்வைகளுக்கும் இடம் தர வேண்டும். விழுப்புரம் நடைமேடையில் இரு பெட்டிகளுக்கு நடுவே தொங்கும் கறுப்பு வடத்துக்கும், மாணவர் தம் கணினியில் உருவாக்கும் சிறு குறிக்கும் பொருந்தும் விதி இதுவே: கேபிளுக்குப் பெயர் இடுக, அதன் இரு முனைகளையும் குறிக்க, உள்ளே எது எதனுடன் சேர்கிறது என்பதை எழுதி வைக்க.